காவலர் சங்கத்துக்கும் நகராட்சிக்கும் தகராறு வந்தால்: தீர்க்க எந்த வழி?

அமெரிக்காவில் காவல் துறை பெரும்பாலும் நகராட்சியின் ஒரு துறை. நம் நாட்டில் காவலருக்கு ஊதியம் தருவது மாநில அரசு. அங்கே பாஸ்டன் காவலருக்குப் பாஸ்டன் மாநகராட்சியும் சிகாகோ காவலருக்குச் சிகாகோ மாநகராட்சியும் ஊதியம் தருகின்றன. குப்பை அள்ளுவதற்கும் நூலகம் நடத்துவதற்கும் சாலை போடுவதற்கும் எந்த உள்ளூர் வரிப்பணம் செலவாகிறதோ, அதே பணத்திலிருந்துதான் காவலரின் ஊதியமும் ஓய்வூதியப் பங்களிப்பும் வர வேண்டும். அதனால் காவலர் சங்கம் ஊதிய உயர்வு கேட்கும்போது அது மேயரோடும் நகர மன்றத்தோடும் நேருக்கு நேர் நடக்கும் மோதலாகிவிடுகிறது.

இந்த மோதலுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளருக்குச் சங்கம் சேரவும் கூட்டுப்பேரம் (ஊழியர் எல்லாருக்குமாகச் சங்கமே நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் செய்வது) நடத்தவும் வேலைநிறுத்தம் செய்யவும் உரிமை தந்தது; ஆனால் மாநில அரசுகளையும் அவற்றின் உள்ளாட்சி அமைப்புகளையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே காவலருக்கு என்ன தொழில் உரிமை என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியாக முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்ய உட்காரும் ஒரு சட்டமன்றத்தின் முன் நான்கு வழிகள் உள்ளன: பேரத்தையே தடை செய்வது, வேலைநிறுத்த உரிமை வரை தந்துவிடுவது, பேரத்தை அனுமதித்து, உடன்பாடு வராவிட்டால் கடைசிச் சொல்லை நகர மன்றத்திடமே விடுவது, அந்தக் கடைசிச் சொல்லை வெளியாளான ஒரு நடுவரிடம் ஒப்படைப்பது. இவற்றில் எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்வது தவறு என்பதே என் கருத்து. ஊதியத் தகராறும் ஒழுங்கு நடவடிக்கைத் தகராறும் வேறு வேறு இயல்புடையவை. முதலாவதை நடுவரிடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இரண்டாவதைப் பேரமேசைக்கே கொண்டுவரக் கூடாது.

தடை என்ற வழிக்குப் பின்னால் 1919ஆம் ஆண்டின் பாஸ்டன் நிற்கிறது. அந்நகரக் காவலர் அப்போது வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கும் மேல் உழைத்தனர்; எலிகள் உலவும் காவல் நிலையங்களில் தங்கினர்; சீருடையைத் தம் கைக்காசில் வாங்கினர்; முதலாம் உலகப் போர்க் காலத்தில் விலைவாசி ஏறிய அளவுக்கு அவர்களது ஊதியம் ஏறவில்லை. அவர்கள் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்தபோது ஆணையர் எட்வின் கர்ட்டிஸ் சங்கத் தலைவர்கள் 19 பேரைப் பணியிடை நீக்கம் செய்தார். செப்டம்பர் 9 அன்று 1,544 காவலரில் 1,117 பேர் பணியை விட்டு வெளியேறினர். கடைகள் சூறையாடப்பட்டன, மாநிலக் காவற்படை தெருவில் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பொதுமக்களின் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எவருக்கும், எங்கும், எப்போதும் இல்லை என்று தந்தி அனுப்பிய ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் நாடறிந்த மனிதரானார். பின்னர் குடியரசுத் தலைவரும் ஆனார். வெளியேறிய காவலரில் ஒருவரும் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர்கள் இடத்தில் சேர்ந்த புதியவர்களுக்கோ தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 1,400 டாலராக உயர்த்தப்பட்டது. சீருடையும் இலவசமாகத் தரப்பட்டது. கேட்டவர்களுக்கு மறுக்கப்பட்டவை கேட்காதவர்களுக்குக் கிடைத்தன.

அந்த நிகழ்வு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்கக் காவலர் சங்க இயக்கத்தை முடக்கிப்போட்டது. இன்றும் வட கரோலினா மாநிலத்தில் 1959ஆம் ஆண்டின் சட்டப்படி எந்த நகராட்சியும் தன் ஊழியர் சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. (இந்தியாவில் 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அரசின் வெளிப்படையான அனுமதியின்றிக் காவலர் தொழிற்சங்கத்தில் சேருவதைத் தடுக்கிறது, நோக்கத்தில் இரண்டும் ஒரே குடும்பம்.) இந்த வழியின் ஒரே வலுவான நன்மை, தவறு செய்த காவலரைத் தண்டிக்கும் அதிகாரம் நிர்வாகத்திடம் முழுமையாக இருப்பது. ஆனால் பாஸ்டன் காட்டியது போல, தடை சங்கத்தைத்தான் ஒழிக்கிறது, குறையை ஒழிப்பதில்லை. பேச இடமில்லாத குறை வேறு வாசல் தேடும்.

அரசியல் நடைமுறையிலும் இது எளிதான வழியன்று. 2011இல் ஓஹையோ மாநிலச் சட்டமன்றம் காவலரையும் தீயணைப்பு வீரரையும் சேர்த்தே பேர உரிமையைக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்காளர் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் அச்சட்டத்தைத் தூக்கி எறிந்தனர். அதே ஆண்டில் விஸ்கான்சின் ஆசிரியர்களையும் பிற அரசு ஊழியர்களையும் மட்டும் கட்டுப்படுத்தி, காவலரையும் தீயணைப்பு வீரரையும் விலக்கி வைத்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து நின்றது. தடைதான் சரி என்று நம்பும் ஒருவர்கூட, எல்லா ஊழியரிலும் இந்தத் தடையைக் காவலருக்கு விதிப்பதுதான் மிகக் கடினம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

வேலைநிறுத்த உரிமையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. காவலருக்கு அந்த உரிமை ஏறத்தாழ எங்குமே இல்லை. ஆயினும் சட்டத்தை மீறிய வேலைநிறுத்தங்கள் நடந்தே இருக்கின்றன. 1975 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் நகர மன்றமான மேற்பார்வையாளர் குழு 6.5 சதவீத உயர்வுக்கு மேல் தர முடியாது என்றபோது காவலர் பணிக்கு வரவில்லை. மேயர் ஜோசப் அலியோட்டோ அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவர்கள் கேட்ட ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தந்து சில நாளில் முடித்துவைத்தார். வென்றது போலத் தோன்றிய சங்கம் நவம்பரில் தோற்றது: வேலைநிறுத்தம் செய்யும் காவலரைப் பதவிநீக்கம் செய்யும் விதியை வாக்காளர் நகராட்சியின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனத்தில் சேர்த்தனர். 1979இல் நியூ ஆர்லியன்ஸ் காவலர் மார்டி கிரா திருவிழாக் காலத்தைப் பார்த்து வேலையை நிறுத்தினர். ஊரின் வருவாயே அந்தத் திருவிழாதான், மேயர் எர்னஸ்ட் மோரியல் பணிந்தே தீருவார் என்று கணக்கிட்டனர். அவர் ஊர்வலங்களையே ரத்து செய்தார்; மக்கள் அவர் பக்கம் நின்றனர்; வேலைநிறுத்தம் சரிந்தது. இரண்டு ஊர்களிலும் விளைவைத் தீர்மானித்தது கோரிக்கையின் நியாயமன்று, யாருடைய துணிவு முதலில் உடைகிறது என்பதே. பாதுகாப்பைப் பணயமாக வைத்து ஊதியத்தை முடிவு செய்யும் இந்த வழியை நான் ஒதுக்கிவிடுகிறேன்.

மூன்றாவது வழி, பார்வைக்குச் சமநிலையானது போலத் தெரிவது. புளோரிடாவை எடுத்துக்கொள்வோம்: அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதை மாநில அரசியலமைப்பே தடுக்கிறது, கூட்டுப்பேர உரிமையோ உண்டு. பேச்சு முறிந்தால் ஒரு சிறப்பு நடுவர் இரு தரப்பையும் கேட்டுப் பரிந்துரை தருவார். அதை ஏற்காவிட்டால் நகர மன்றம் கூடி, தன் முடிவை அறிவிக்கும். வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் கையிலேயே வரிப்பணம் இருப்பதால் மக்களாட்சி நோக்கில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆயினும் வழக்காடும் இருவரில் ஒருவரே நீதிபதி நாற்காலியிலும் அமர்கிறார் என்பதை மறைக்க முடியாது. அத்தகைய முடிவு சட்டப்படி செல்லும். காவலரின் மனத்தில் அது செல்லுபடியாகுமா என்பதே கேள்வி.

மனத்தில் செல்லாத முடிவு என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1966இல் நடந்த போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தம் நகரையே நிறுத்திப்போட்ட பின், 1967இல் அம்மாநிலம் டெய்லர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு ஊழியருக்குப் பேர உரிமையை வழங்கிய அச்சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. பின்னர் சேர்ந்த விதிப்படி வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் ஊதியம் போகும். அந்தத் தடை இருக்கும்போதே 1971 ஜனவரியில் நியூயார்க் நகரின் ரோந்துக் காவலரில் மிகப் பெரும்பாலோர், சார்ஜென்ட்களுக்கு இணையான ஊதிய விகிதம் தொடர்பான வழக்கு இழுபட்டதால் வெகுண்டு, சங்கத் தலைமையின் அழைப்பும் இல்லாமல் சில நாட்கள் ரோந்துக்குப் போகவில்லை. இப்படிக் கூண்டோடு மருத்துவ விடுப்பு எடுப்பதற்குச் சீருடையின் நிறத்தை வைத்து ‘நீலக் காய்ச்சல்’ என்று அமெரிக்கர் பெயரே வைத்திருக்கிறார்கள். தடை விதிப்பது எளிது. தடையை மீறத் தேவையில்லாத ஒரு வழியைத் திறந்துவைப்பதே சட்டமன்றத்தின் உண்மையான வேலை.

அந்தத் தேவையிலிருந்துதான் நான்காவது வழியான கட்டாய நடுவர் தீர்ப்பு பிறந்தது. பென்சில்வேனியா தன் அரசியலமைப்பையே திருத்திக்கொண்டு 1968இல் இதைச் சட்டமாக்கியது. மிச்சிகன் 1969இல் பின்தொடர்ந்தது. நியூயார்க் 1974இல் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் மட்டும் டெய்லர் சட்டத்தில் இதைச் சேர்த்தது. பொதுவாக நகராட்சி ஒருவரையும் சங்கம் ஒருவரையும் நியமிக்க, இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் தலைமை ஏற்பார். ஒப்பிடத்தக்க ஊர்களின் ஊதியம், விலைவாசி, பணியின் ஆபத்து, நகராட்சியின் செலுத்தும் திறன் ஆகியவற்றைப் பார்த்து அவர்கள் தரும் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும். காவலர் தம் வேலைநிறுத்த உரிமையைக் கைவிட்டதற்கு ஈடு இது என்பதே இதன் அடிப்படை நியாயம். எனக்கு அது சரியான நியாயமாகவே படுகிறது.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. அதைக் கலிபோர்னியாவின் வலேஹோ நகரை விடத் தெளிவாகச் சொல்லும் ஊர் இல்லை. 1969இல் அங்கே காவலரும் தீயணைப்பு வீரரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின் இனி அப்படி நேரக் கூடாது என்று நகரச் சாசனத்தில் கட்டாய நடுவர் தீர்ப்பு எழுதப்பட்டது. வேலைநிறுத்தம் மீண்டும் வரவில்லை. ஆனால் 2008 மே மாதம் நகராட்சி திவால் மனு கொடுத்தபோது அதன் பொது நிதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காவல், தீயணைப்பு ஆகிய இரு துறைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. 1996இல் கடற்படைக் கப்பல் தளம் மூடப்பட்டதும், அதன் மேல் வீட்டுமனைச் சந்தை சரிந்ததும் திவாலுக்குக் காரணங்கள். நடுவர் தீர்ப்பு ஒன்றே ஊரைக் கவிழ்த்தது என்று சொல்வது நேர்மையாகாது. ஆயினும் வருவாய் விழும்போது செலவைக் குறைக்க முடியாதபடி மன்றத்தின் கையைக் கட்டியதில் அதற்குப் பங்கு உண்டு. 2010 ஜூனில் வலேஹோ வாக்காளர் குறுகிய வித்தியாசத்தில் அந்த விதியைச் சாசனத்திலிருந்து நீக்கினர். இதற்கு நேர்மாறாக, 1975இல் காவலர் மேல் அவ்வளவு சினந்த சான் பிரான்சிஸ்கோ வாக்காளர் 1990இல் இதே நடுவர் முறையை விரும்பி ஏற்றனர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறையின் குணம் அதன் பெயரில் இல்லை, அதற்குள் எழுதப்பட்ட விதிகளில் இருக்கிறது.

அந்த விதிகளில் முதன்மையானது செலுத்தும் திறன். மற்ற அளவுகோல்களோடு அதுவும் ஒன்று என்று பட்டியலில் எழுதிவைத்தால் நடுவர் அதைக் கடந்து போய்விடலாம். நியூயார்க் 2013இல் நிதி நெருக்கடியில் உள்ள ஊர்களுக்கு மட்டும், தீர்ப்பின் எடையில் 70 சதவீதம் செலுத்தும் திறனுக்கே என்று வரையறுத்தது. நியூஜெர்சி இன்னும் கடுமையாகப் போனது: 2011 தொடக்கத்திலிருந்து நடுவர் தரும் அடிப்படை ஊதிய உயர்வு ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு போட்டது, அது 2017 இறுதியில் காலாவதியாயிற்று. இரண்டில் நியூயார்க்கின் முறையே எனக்கு உகந்தது. உச்சவரம்பு என்று ஒன்று போட்டுவிட்டால் நடுவருக்கு வேலையே இல்லை. வசதியான நகராட்சியும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

மன்றத்துக்கு ஒரு தடுப்பு அதிகாரம் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. மாசசூசெட்ஸில் நடுவர் தீர்ப்புக்கான நிதியை நகர மன்றம் வாக்களித்து ஒதுக்க வேண்டும். 2013இல் பாஸ்டன் ரோந்துக் காவலருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மொத்தம் 25.4 சதவீத உயர்வைத் தந்த தீர்ப்பை மேயர் தாமஸ் மெனினோ கடுமையாக எதிர்த்தார், மன்றம் ஏற்றுக்கொண்டது. 1919இல் சங்கம் வைத்ததற்காகவே ஆயிரம் பேர் வேலை இழந்த ஊர் அது. எதிர்ப்புறத்தில், 2015இல் நியூயார்க் நகரக் காவலர் சங்கத்துக்கு நடுவர் ஆண்டுக்கு 1 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கே உயர்வு தந்தார், கொதித்தது சங்கம். நடுவர் என்றாலே சங்கத்தின் பக்கம் சாய்வார் என்று மேயர்கள் சொல்வதும், நகராட்சியின் பக்கம் சாய்வார் என்று சங்கங்கள் சொல்வதும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் கரைந்துபோகின்றன.

நடுவர் இரு கோரிக்கைகளுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுக்கலாமா, அல்லது இரண்டில் ஒன்றை அப்படியே தேர்ந்தே ஆக வேண்டுமா என்பதிலும் மாநிலங்கள் வேறுபடுகின்றன. இரண்டாவது முறையில் மிகை கேட்பவர் தோற்பார் என்ற அச்சத்தால் இரு தரப்பும் நியாயத்தை நோக்கி நகர்வார்கள் என்பது ஏட்டளவில் அழகான எண்ணம். 1977 முதல் அம்முறையைப் பின்பற்றிய நியூஜெர்சி 1996இல் அதைக் கைவிட்டது. பொருளியலாளர் அலெக்சாண்டர் மாஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறுபக்கத்தைக் காட்டியது: அம்மாநிலத்தில் காவலர் தரப்பு தோற்ற ஊர்களில் அடுத்த மாதங்களில் கைதுகள் குறைந்தன, குற்றப் புகார்கள் கூடின, கிடைத்த ஊதியம் கேட்டதிலிருந்து எவ்வளவு விலகியதோ அந்த அளவுக்கு வேலையும் தளர்ந்தது. வேலைநிறுத்தம் என்று பெயரில்லாத வேலைநிறுத்தம் அது. வெற்றி, தோல்வி என்று அப்பட்டமாகத் தெரியும் தீர்ப்பைவிட, காரணம் எழுதி நடுவே நிற்கும் தீர்ப்பே காவல் துறைக்குப் பொருந்தும் என்று இதிலிருந்து நான் கொள்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம். ஒழுங்கு நடவடிக்கைக்கு வரும்போது என் கணக்கு தலைகீழாகிறது. பணத்தகராறில் இரு தரப்புக்குத்தான் பங்கு; வரி செலுத்துபவரின் சார்பில் மேயர் பேசுகிறார். காவலர் அடித்தார் என்று புகார் சொல்லும் குடிமகனுக்கோ அந்த மேசையில் நாற்காலியே இல்லை. கையில் பணமில்லாத நகராட்சி, ஊதிய உயர்வுக்குப் பதிலாக விசாரணையைத் தளர்த்தும் சலுகைகளை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் ஆசைக்கு எளிதில் ஆட்படும். அதன் விலை அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தெரியாது. சட்டப் பேராசிரியர் ஸ்டீபன் ரஷின் 178 காவலர் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2017இல் எழுதியபோது, அவற்றில் 156இல் முறையான ஒழுங்கு நடவடிக்கைக்கு இடையூறாகக்கூடிய விதி ஒன்றேனும் இருந்தது. அதே ஆண்டு வாஷிங்டன் போஸ்ட் நாளேடு, 2006 முதல் பெரிய காவல் துறைகள் வேலைநீக்கம் செய்த 1,881 பேரில் 450க்கும் மேற்பட்டோரை மேல்முறையீடுகள் வழியே திரும்பச் சேர்க்க நேர்ந்ததைக் கண்டறிந்தது. பென்சில்வேனியாவில் இத்தகைய வேலைநீக்கத்தை நடுவர் ரத்து செய்தால் நீதிமன்றம் மிகக் குறுகிய சில காரணங்களைத் தவிர வேறெதையும் ஆராய முடியாது.

சிகாகோவில் ஊதியமும் ஒழுங்கு நடவடிக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். கடுமையான தண்டனை வழக்குகளைக் காவல் வாரியத்தின் பொது விசாரணைக்குப் பதிலாக நடுவரிடம் மூடிய அறையில் கொண்டுபோகும் உரிமையை 2023இல் ஒரு நடுவர் காவலருக்குத் தந்தார். இல்லினாய்ஸ் சட்டப்படி மன்றம் ஐந்தில் மூன்று பங்கு வாக்கில் அதை நிராகரிக்கலாம். டிசம்பரில் நிராகரித்தது, 2024 பிப்ரவரியில் மீண்டும் நிராகரித்தது. மார்ச் மாதம் ஒரு நீதிபதி, நடுவரிடம் போகலாம், ஆனால் விசாரணை பொதுமக்கள் முன் நடக்க வேண்டும் என்றார். ஊதியப் பகுதியில் சச்சரவே இல்லாத ஓர் உடன்பாட்டைச் சுற்றி இவ்வளவும் நடந்தது. மின்னசோட்டா வேறு வழி தேடியது: ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவர் அம்மாநிலக் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட 2020இலேயே, காவலரின் தண்டனை வழக்குகளைக் கேட்கும் நடுவரை இரு தரப்பும் பட்டியலில் மாறி மாறிப் பெயர்களை அடித்து நீக்கித் தேர்வதை நிறுத்தி, தனிப் பட்டியலிலிருந்து சுழற்சி முறையில் நியமிக்கச் சட்டம் செய்தது. நல்ல திருத்தம்தான், ஆனால் பாதி வழி.

முழு வழி நியூயார்க்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஒழுங்கு அதிகாரத்தைப் பழைய சட்டங்கள் காவல் ஆணையரிடம் வெளிப்படையாக ஒப்படைத்திருக்கும் ஊர்களில் அது பேரத்துக்கே உரிய பொருளன்று என்று அம்மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தீர்த்தது. ஊதியமோ வழக்கம் போல நடுவரிடம் போகிறது. இதனால் காவலர் ஆணையரின் கோபதாபத்துக்கு இரையாவார் என்பது சங்கங்களின் மறுப்பு. ஊடகச் சூட்டைத் தணிக்க ஒருவரைப் பலிகொடுக்கும் மேயர்கள் உண்டு என்பதால் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், தக்க காரணமின்றி நீக்க முடியாதபடி சட்டம் காக்கும் அரசு ஊழியருக்கு வேலைநீக்கத்துக்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் லவுடர்மில் வழக்கில் விதித்திருக்கிறது. அதன் மேல் சுதந்திரமான குடிமைப் பணி ஆணையம் ஒன்று திறந்த அரங்கில் மேல்முறையீட்டைக் கேட்டால், காவலருக்கும் பாதுகாப்பு, புகார் சொன்னவருக்கும் கேட்கும் உரிமை.

இந்த முடிவை இன்று உண்மையில் எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவை வெர்ஜீனியா போன்ற மாநிலங்கள். பல பத்தாண்டுகள் தடையில் இருந்த அது 2021 மே மாதம் முதல் ஒவ்வொரு நகர மன்றமும் விரும்பினால் பேரத்தை அனுமதிக்கலாம் என்று திறந்துவிட்டது. சங்கத்தின் தேர்தல் ஆதரவை எதிர்பார்க்கும் ஒரு மன்றம் எல்லாவற்றையும் தந்துவிடும், பக்கத்து ஊர் எதையும் தராது. இதை ஒவ்வொரு மன்றத்தின் விருப்பத்துக்கும் விடாமல், ஊதியத்துக்கு நடுவர், ஒழுங்குக்கு ஆணையம் என்ற பிரிவினையை மாநிலச் சட்டத்திலேயே எழுதுவது நல்லது. அதோடு காலக்கெடுவும் வேண்டும். நியூயார்க்கில் 2015இல் வந்த அந்த 1 சதவீதத் தீர்ப்பு 2010இல் காலாவதியான ஒப்பந்தத்துக்கு உரியது. ஐந்தாண்டு தாமதம் இரு தரப்பின் கணக்கையும் குலைக்கிறது. நியூஜெர்சியில் நடுவரைத் தொழிலுறவு ஆணையமே குலுக்கல் முறையில் நியமிக்கிறது. அவர் கேட்கும் கட்டணத்துக்கு வரம்பு இருக்கிறது. தீர்ப்புக்கு முதலில் 45 நாளும், அது போதாது என்று கண்ட பின் 2014 முதல் 90 நாளும் கெடு. நியூயார்க்கின் பிரிவினையையும் நியூஜெர்சியின் இந்தக் கெடுவையும் சேர்த்து எழுதினால் வெர்ஜீனியாவுக்கு வேண்டிய சட்டத்தின் பெரும்பகுதி எழுதியாயிற்று.